ஜப்பானில் காஸ்பிளே செய்பவர்கள் அந்த வேடத்திலேயே தெருவில் திரிவார்களா? வேலைக்குப் போகிற வயதில் இது எதற்கு, பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி மாதிரிதானே?

திரிய மாட்டார்கள். காஸ்பிளே என்றால் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் படம்), மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), வீடியோ கேம் பாத்திரங்களாக உடுத்திக்கொள்வது. அப்படி உடுத்தியவர்களை ரயிலிலேயே பார்க்கலாம் என்று நினைத்து டோக்கியோ வருகிற நம்மூர்க்காரர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். டோக்கியோவில் அனிமே கடைகள் நிறைந்த அகிஹபாராவில் தெருவோரம் நின்று நோட்டீஸ் கொடுக்கும் பெண்கள், பணிப்பெண் உடையில் பரிமாறுகிற மெய்டு கஃபேக்களின் ஊழியர்கள். அது அவர்களுடைய வேலைச் சீருடை. அக்டோபர் கடைசியில் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் கூடுகிற ஹாலோவீன் கூட்டம் இன்னொரு ரகம். அங்கே நடந்த ரகளை தாங்காமல் 2019இல் அந்த நாட்களில் தெருவில் குடிக்கத் தடை போட்டார்கள். 2023இல் "ஹாலோவீனுக்கு ஷிபுயாவுக்கு வராதீர்கள்" என்று மேயரே சொன்னார். காஸ்பிளே செய்பவர்களை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பேசினால் அவர்களுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்.

டோக்கியோவில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் பல வருடங்களாகக் காஸ்பிளே செய்கிறார். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தையல் வரும் என்று தெரிந்த பிறகுதான் என்னிடமே சொன்னார். அவரோடு நிப்போரியில் இருக்கிற துணிக்கடைத் தெருவுக்குப் போனால் அரைநாள் ஓடிவிடும். கடைக்குக் கடை ஏறி இறங்கி, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அனிமேயில் நிறம் தட்டையாக, மினுக்கமில்லாமல் இருக்கும். ஃபிளாஷில் பளபளக்கிற துணியை எடுத்துவிட்டால் எவ்வளவு நன்றாகத் தைத்தும் பிரயோஜனம் இல்லை என்பார்.

விக் வேலை அதைவிடப் பொறுமை கேட்பது. வரைந்த முடி புவியீர்ப்பு பார்ப்பதில்லை, முள்ளு முள்ளாக மேலே நிற்கும். அதை நிஜத்தில் நிற்கவைக்க, ஒவ்வொரு கற்றையையும் தூக்கி, அடியில் எதிர்ப்பக்கமாகச் சீவி அடர்த்தியாக்கி, ஸ்பிரே அடித்து, டிரையர் காட்டி இறுக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த கற்றை. அவர் செய்வது பெரும்பாலும் ஆண் பாத்திரங்கள். நெஞ்சைத் தட்டையாக்கும் இறுக்கமான உள்ளாடை, உயரத்துக்கு ஷூவுக்குள் அட்டை, கண்ணின் ஓரம் மேலே ஏறித் தெரிய நெற்றிப்பொட்டருகே தோலை இழுத்து ஒட்டும் டேப். அந்த டேப் விக்குக்குள் மறைந்துவிடும். ஜப்பானில் காஸ்பிளே செய்பவர்களில் பெண்களே மிக அதிகம். பெண்கள் ஆண் பாத்திரமாக வருவது அங்கே சர்வசாதாரணம். உடலைக் காட்டத்தான் இதெல்லாம் என்று நம்மூரில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கண்டதே இல்லை.

சரி, இவ்வளவும் செய்துவிட்டு எங்கே போடுவார்கள்? அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும். வருடத்துக்கு இரண்டு முறை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும், டோக்கியோ பிக் சைட் அரங்கில் காமிக் மார்க்கெட் நடக்கிறது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்த புத்தகங்களை விற்பதற்காக 1975இல் 32 குழுக்களோடு தொடங்கியது. 2019இல் நான்கு நாள் நடந்தபோது வந்தவர்கள் கணக்கு 7 லட்சத்தைத் தாண்டியது. காஸ்பிளேயும் அதற்குள்தான் வளர்ந்தது. வேடத்தோடு வரக் கூடாது, வேடத்தோடு வீடு திரும்பவும் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. எல்லோரும் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு சாதாரண உடையில் வருவார்கள். பணம் கட்டிப் பதிந்து, அங்கேயே உள்ள அறையில் மாற்றிக்கொள்வார்கள். நீளமான கத்தி, கம்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. தாழக் குனிந்து கீழிருந்து எடுப்பதற்கு இடமே இல்லை.

படம் எடுப்பவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வருவார்கள். கூட்டம் மிஞ்சினால் வட்டமாக நிற்கவைத்து, பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். எண்ணி முடிந்ததும் கேமராக்கள் இறங்கிவிடும், எல்லோரும் வணங்கி நன்றி சொல்லிக் கலைவார்கள். ஆகஸ்டு வெயிலில், வேர்த்து விறுவிறுத்து, அப்படி ஒரு ஒழுங்கு. இந்த வேலிதான் இந்தக் கலையைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று ஒரு பேச்சு எழுந்துவிட்டால் அந்த ஊரில் எதுவும் நிலைக்காது. உள்ளே முழுச் சுதந்திரம் கிடைப்பதற்காக, வெளியே அவர்கள் தாங்களாகவே அடங்கிப் போகிறார்கள்.

இது ஜப்பானில் மட்டும் முளைத்ததும் இல்லை. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் வந்தார்கள், தைத்தவர் மிர்ட்டில். ஜப்பானில் 1978இல் நடந்த ஓர் அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, பிற்காலத்தில் விமர்சகராகப் பெயர் பெற்ற கோதானி மாரி, ஒரு அமெரிக்க நாவலின் அட்டைப்படத்தில் இருந்த உடையை அணிந்து போனார். பார்த்தவர்கள் அதை மாங்கா ஓவியர் டெசுகா ஒசாமுவின் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓட்டலிலிருந்தே வேடத்தோடு நடந்து வருவார்கள். மேடையேறி நடிப்பது, கைவேலைக்குப் பரிசு வாங்குவது அங்கே முக்கியம். ஜப்பானில் நல்ல புகைப்படம்தான் முக்கியம். இரண்டும் சேருகிற இடம் நகோயா நகரம். 2003இல் அங்கே தொடங்கிய உலகக் காஸ்பிளே மாநாட்டில் 2005 முதல் நாடுகளுக்கிடையே போட்டி நடக்கிறது; முதல் பட்டம் இத்தாலிக்கு. அந்த நாட்களில் ஓசு கடைத்தெரு வழியாக ஊர்வலம் போகும். ஐச்சி மாநில ஆளுநரும் நகோயா மேயரும்கூட வேடம் கட்டி வந்திருக்கிறார்கள்.

மாறுவேடப் போட்டியில் குழந்தைக்கு அம்மா கட்டிவிடுவார், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே தனக்குப் பிடித்த பாத்திரத்தோடு மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்தச் சட்டையின் முதுகுப்பக்கத் தையல் எங்கே வரும் என்று கண்டுபிடிக்க, என் தோழி ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டீர்கள். துணிக்கும் விக்குக்கும் சொந்தச் சம்பளத்தில் செலவழிக்க முடிகிற வயது அதுதானே!

ஜப்பான் வந்தால், கோடையில் நகோயா மாநாட்டையும், அக்டோபர் கடைசியில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் நடக்கும் ஹாலோவீன் காஸ்பிளே விழாவையும் பாருங்கள். இகெபுகுரோவில் உடை மாற்ற இடம் ஏற்பாடு செய்து, அந்த நாளில் தெருவையே திறந்துவிடுகிறார்கள். காமிக் மார்க்கெட் போவதானால் நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள், ஆகஸ்டு என்றால் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். இணையத்தில் போடலாமா என்பதை அதோடு சேர்த்துவிடாமல் தனியாகக் கேளுங்கள். என் தோழியைப் போல அலுவலகத்தில் சொல்லாதவர்கள் அங்கே நிறையப் பேர்.