நாள்பட்ட நோயோடு காவல் பணிக்கு வர முடியுமா? ஒரு மருத்துவரின் பதில்கள்

காவல் பணிக்குத் தேர்வாகிறவர்களுக்கு உடற்தகுதிப் பரிசோதனை செய்யும் மருத்துவர் நான். நாள்பட்ட நோய் உள்ளவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். விதிமுறை நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை மாறும். அதனால் நீங்கள் சேர விரும்பும் துறையின் மருத்துவத் தகுதி விதிகளை முதலில் ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 20 வயது டாக்டர். 11 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை, தினமும் இன்சுலின் போடுகிறேன். விண்ணப்பிப்பதே வீண் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படித்தானா?

சில துறைகள் இன்சுலின் போடுகிறவர்களை நேரடியாகவே விலக்கிவிடுகின்றன. விதியில் அப்படி இருந்தால் அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம். ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யும் துறைகளும் இருக்கின்றன. அங்கே உங்களுக்கு நிஜமாகவே வாய்ப்பு உண்டு.

பரிசோதிக்கும் மருத்துவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சர்க்கரை ஏறுவதைவிட, சட்டென்று இறங்குவதுதான் எங்கள் கவலை. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுக்கமும் வியர்வையும் வரும். 54-க்குக் கீழே போனால் யோசனை குழம்பும், பேச்சு குழறும். வண்டி ஓட்டும்போதோ கையில் துப்பாக்கி இருக்கும்போதோ அது நடந்தால் ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்லை.

அதனால் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். கடந்த சில ஆண்டுகளில் சர்க்கரை இறங்கி, இன்னொருவர் உதவி செய்துதான் மீண்டீர்களா? இறங்கும்போது உங்களுக்கே தெரிகிறதா, அல்லது அறிகுறியே இல்லாமல் இறங்குகிறதா? நோய் வந்து பல வருடம் ஆனவர்களில் சிலருக்கு அந்த எச்சரிக்கை உணர்வு மங்கிப்போகிறது. பரிசோதனையில் பெரும்பாலும் இதுதான் தடையாகிறது.

தொடர்ந்து அளக்கும் சென்சார் வைத்திருந்தால் அதன் ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். 2019-ல் நிபுணர்கள் ஒத்துக்கொண்ட இலக்கு இதுதான்: 70-க்குக் கீழே இருக்கும் நேரம் மொத்தத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவு, 54-க்குக் கீழே 1 சதவீதத்துக்கும் குறைவு. மூன்று மாதச் சராசரி மட்டும் அழகாக இருந்தால் எனக்குப் போதாது. பாதி நாள் ஏறி, பாதி நாள் இறங்கினாலும் சராசரி நன்றாகத்தான் தெரியும்.

இன்னொன்று. துரத்தி ஓடும்போது அட்ரினலின் சுரந்து சர்க்கரை ஏறலாம். அதைப் பார்த்துப் பதறி ஊசி போட்டுவிட்டால், சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூக்கத்தில், தடாலென்று இறங்கும். தேர்வுக்கு ஓடிப் பழகும்போதே உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதி வையுங்கள். அந்த நோட்டை யாராவது கொண்டுவந்து காட்டினால் எனக்கு அவர்மேல் தனி மதிப்பு வரும்.

கேள்வி: நான் இன்சுலின் பம்ப் (உடம்புக்குள் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் சிறு கருவி) போட்டிருக்கும் பெண் காவலர், பயிற்சியில் இருக்கிறேன். பெல்ட்டும் குண்டு துளைக்காத உடுப்பும் போட்டால் எல்லாம் நசுங்குகிறது. எங்கே பொருத்துவது?

டூட்டி பெல்ட் உட்காரும் இடத்தையும், உடுப்பின் கீழ் விளிம்பு அழுத்தும் இடத்தையும் உடம்பில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைக்குள் எதையும் பொருத்த வேண்டாம். சென்சாருக்கு மேல்கையின் பின்பக்கம் பலருக்கும் ஒத்துவருகிறது. அழுத்தம் பட்ட சென்சார் சர்க்கரை இறங்கிவிட்டதாகப் பொய் எச்சரிக்கை கொடுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்; சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். சென்சார் காட்டும் எண் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியும் இருக்கும், குறிப்பாக வேகமாக ஏறி இறங்கும்போது.

பம்ப் குழாய் வெளியே தொங்கக் கூடாது. மல்லுக்கட்டு வந்தால் முதலில் பிய்வது அதுதான். குளுக்கோஸ் மாத்திரையைத் தோள்பையில் வைக்காதீர்கள், சட்டைப் பையில் வையுங்கள், ஒரே கையால் எடுக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்சுலினை விடவே கூடாது, வீரியம் போய்விடும். ஜோடியாக டூட்டி பார்க்கும் சக காவலருக்கு, நீங்கள் குழறிப் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். சர்க்கரை இறங்கியவரைக் குடிபோதை என்று நினைப்பது சாலையில் அடிக்கடி நடக்கிறது. உங்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு அந்தத் தவறு வராது.

கேள்வி: சிறு வயதிலிருந்து வீசிங். இப்போது எப்போதாவதுதான் இன்ஹேலர் தேவைப்படுகிறது. ஓட்டத்தில் பிரச்சினை இல்லை. தேறுவேனா?

நுரையீரல் ஊதல் பரிசோதனை சரியாக இருந்து, சமீபத்தில் மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கவில்லை என்றால் வாய்ப்பு நல்லதாகவே இருக்கிறது. பலர் மறப்பது வேறொன்றை. பல இடங்களில் பயிற்சியின்போது கண்ணீர்ப் புகையையோ மிளகு ஸ்பிரேயையோ சுவாசிக்க வைப்பார்கள். இரண்டுமே மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியவை. உங்கள் நெஞ்சு மருத்துவரிடம் இதை வெளிப்படையாகக் கேட்டு, எழுத்தில் கருத்து வாங்கி வாருங்கள். தினசரி தடுப்பு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், தேர்வுக்காக அதை நிறுத்த வேண்டாம். ஒழுங்காக மருந்து எடுப்பது உங்களுக்குச் சாதகம்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயதில் இரண்டு முறை வலிப்பு வந்தது. 12 வயதில் மாத்திரையை நிறுத்தினார்கள். இப்போது அவனுக்கு 23. போலீஸ் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் பயப்படுவது தவறா, டாக்டர்?

உங்கள் பயம் தவறே இல்லை அம்மா. ஆனால் கணக்கு உங்கள் மகன் பக்கம்தான் இருக்கிறது. கடைசி வலிப்பு வந்து 10 வருடம் தாண்டி, அதில் கடைசி 5 வருடம் மாத்திரையே இல்லாமல் இருந்தால், வலிப்பு நோய் தீர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கூட்டமைப்பு 2014-ல் வரையறுத்தது. உங்கள் மகன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். நரம்பியல் மருத்துவரிடம் புதிதாக ஒரு பரிசோதனையும், பழைய ஃபைலின் நகலும் வாங்கிவிடுங்கள். சில துறைகள் குழந்தைப் பருவ வலிப்பைத் தனியாக நடத்தும், சில இடங்களில் வலிப்பு என்ற சொல்லே தடையாக இருக்கும். நைட் டூட்டியில் தூக்கம் கெடும், தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் என்பதையும் மருத்துவரிடம் பேச வேண்டும்.

மாத்திரை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தகுதிக்காக அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: சொல்லாமல் மறைத்துவிட்டால் என்ன? கண்ணுக்குத் தெரியாத நோய்தானே.

வேண்டாம். நோய்க்காக நிராகரிக்கப்பட்டவர் மறுபடி முயலலாம். பொய் உறுதிமொழி கொடுத்தவர் பத்து வருடம் கழித்துக்கூட வேலையை இழக்கலாம், பணியில் அடிபட்டால் இழப்பீட்டிலும் சிக்கல் வரும். அதைவிட முக்கியம், நீங்கள் மயங்கி விழும்போது உதவிக்கு ஓடிவருகிறவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. அதே சமயம், கேட்காததையெல்லாம் நேர்முகத் தேர்வில் கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்காவில் 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, நிபந்தனையோடு வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் மருத்துவக் கேள்விகளே கேட்கலாம். உங்கள் ஊர்ச் சட்டத்தில் எந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். அந்தக் கட்டத்தில் முழுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். என் நோயின் பெயரைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிட்டார்கள். என்ன செய்வது?

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெயரைப் பார்த்து முடிவு செய்வது மருத்துவம் இல்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக் கெடு எப்போது என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் சிறப்பு மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். "நோயாளி நலமாக இருக்கிறார்" என்ற ஒரு வரிக் கடிதத்தால் பயனில்லை. வேலையின் கடமைகளை அவரிடம் பட்டியலாகக் கொடுத்து, ஓடுதல், வண்டி ஓட்டுதல், ஆயுதம், இரவுப் பணி என ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதச் சொல்லுங்கள்.

வழக்குவரை போய் வென்றவர்களும் உண்டு. டைப் 1 சர்க்கரை உள்ள ஒருவருக்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சிறப்பு ஏஜென்ட் பணியை மறுத்தது. 2009-ல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குள் பல வருடம் ஓடிவிட்டது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் காலத்தில் தடயவியல், சைபர் குற்றப் பிரிவு, அவசர அழைப்பு மையம் போன்றவற்றின் தகுதி விதிகளையும் பாருங்கள். அங்கே உடல் விதிகள் பெரும்பாலும் இவ்வளவு கடுமையாக இருக்காது.

கேள்வி: பெருங்குடல் அழற்சி இருக்கிறது. நாள் முழுக்க பந்தோபஸ்தில் நிற்கும்போது கழிவறை எங்கே தேடுவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் நீங்கள் எல்லோரையும் போல வேலை பார்க்கலாம். நோய் மறுபடி தலைதூக்கும் நாட்களுக்கு, டூட்டி இடத்தை மாற்றித் தரும் ஏற்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் போல, நியாயமான இப்படிப்பட்ட மாற்றங்களைச் செய்து தருவதை வேலை தருபவரின் கடமையாகவே வைத்திருக்கும் சட்டங்கள் உண்டு. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால், காயமும் ரத்தமும் படும் வேலை என்பதால் தடுப்பூசிகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன் டாக்டர். இதுவும் தடையா?

பொதுவாக இல்லை. அளவு சரியாக இருக்கிறது என்று காட்டும் சமீபத்திய ரத்தப் பரிசோதனையைக் கொண்டு வாருங்கள், போதும்.