கானாவூர்த் திராட்சரசமும் போர்வைக்கு அடியில் இருந்த புட்டியும்

அன்புள்ள அக்கா,
எங்களுக்குத் திருமணமாகி 18 வருடம் ஆகிறது. கணவரும் நானும் ஒரே சபைக்குத்தான் போகிறோம். முன்பெல்லாம் அவர் சனிக்கிழமை ராத்திரி மட்டும் இரண்டு கிளாஸ் ஒயின் குடிப்பார். இந்த ஒரு வருடத்தில் அது வாரத்துக்கு நாலு நாள் ஆகிவிட்டது. ஒயின் போய் விஸ்கி வந்துவிட்டது. கேட்டால், "இயேசுவே கல்யாண வீட்டில் திராட்சரசம் செய்து கொடுத்தார். வெறிகொள்ளக் கூடாது என்றுதான் வேதத்தில் இருக்கிறது. நான் என்றைக்காவது தள்ளாடினேனா?" என்கிறார். ஒரு சொட்டும் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் வசனத்துக்கு வசனம் பேசும்போது எப்போதும் அவர்தான் ஜெயிக்கிறார். போன மாதம் துணி அலமாரியில், போர்வைக்கு அடியில் ஒரு புட்டியைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டேன். 16 வயது மகன், "அம்மா, யார் சொல்றது சரி? நீங்களா, அப்பாவா?" என்கிறான். கிறிஸ்தவன் அளவாகக் குடிக்கலாமா, கூடாதா? தெளிவாகச் சொல்லுங்கள்.
- ஒரு சகோதரி

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி. கடிதத்தில் இருப்பது இரண்டு விஷயம். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், உள்ளதை உள்ளபடியே. உங்கள் பக்கம் பேச வேண்டும் என்பதற்காக நான் ஒரு வசனத்தை வளைத்தால், உங்கள் கணவர் அதை ஒரே நிமிடத்தில் நிமிர்த்திவிடுவார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மகன், விசுவாசிகள் தேவைப்பட்டால் வேதத்தை வளைப்பார்கள் என்று கற்றுக்கொள்வான்.

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தில் இருந்தது மதுதான். "திராட்சரசம் என்றுதானே போட்டிருக்கிறது, அது வெறும் ஜூஸ்" என்று நம் சபைகளில் நிறையப் பேர் சொல்வார்கள். அந்தக் குழப்பத்துக்கு நம் தமிழ் வேதாகமமும் ஒரு காரணம். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் 'ஓய்னோஸ்' என்ற ஒரே சொல்தான் வருகிறது. கானாவூர்க் கல்யாணத்திலும், வயிற்றுக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும்படி அப்போஸ்தலன் பவுல் தம் சீடன் தீமோத்தேயுவுக்குச் சொல்லும் இடத்திலும் அதைத் 'திராட்சரசம்' என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. "மதுபான வெறிகொள்ளாமல்" என்று எபேசியர் 5:18 எச்சரிக்கும்போது அதே சொல் 'மதுபானம்' ஆகிவிடுகிறது. நல்லதாக வரும்போது ரசம், கெட்டதாக வரும்போது மது. மொழிபெயர்த்தவர்கள் பக்தியோடுதான் செய்திருப்பார்கள், ஆனால் மூலத்தில் அந்தப் பிரிவு கிடையாது. இன்னொன்றும் பாருங்கள். அந்தக் கல்யாணம் நடந்து கொஞ்ச நாளில் யூதர்களின் பஸ்கா பண்டிகை வந்ததாக யோவான் எழுதுகிறார். பஸ்கா வசந்த காலத்தில் வரும், திராட்சை அறுவடை அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்திருக்கும். பிழிந்த சாறு தானாகவே நொதித்துவிடும். அதைப் புளிக்காமல் அத்தனை மாதம் வைத்திருக்க அன்றைக்கு எளிதான வழி இல்லை. அவர் ரசமாக்கிய தண்ணீர் இருந்தது ஆறு கற்சாடிகளில், மொத்தம் சுமார் 500 முதல் 700 லிட்டர் வரை பிடிக்கும். தாராளமாகக் கொடுத்தார் ஆண்டவர். அதில் உங்கள் கணவர் சொல்வது சரி.

மனுஷருடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் திராட்சரசத்துக்காக 104ஆம் சங்கீதம் கடவுளைப் புகழ்கிறது. இயேசுவையே "போஜனப்பிரியனும் மதுபானப்பிரியனுமான மனுஷன்" என்று ஜனங்கள் ஏசினார்கள். அது பொய்ப் பழிதான். ஆனால் அவர் குடிக்கவே குடிக்காதவராக இருந்திருந்தால் அப்படி ஒரு பழி கிளம்பியிருக்காது. ஆகவே, ஒரு சொட்டு குடித்தாலே பாவம் என்று வேதத்தை வைத்து உங்களால் நிரூபிக்க முடியாது. அந்த வாதத்தை விட்டுவிடுங்கள் தங்கை.

அதனால் அவர் ஜெயித்துவிட்டார் என்று ஆகாது. நோவா பேழையைக் கட்டிய நீதிமான், அவரே திராட்சத் தோட்டம் போட்டுக் குடித்துத் தன் கூடாரத்தில் நிர்வாணமாகக் கிடந்தார். குடிமயக்கத்தில் லோத்துவுக்கு என்ன நடந்தது என்பதை எழுதவே கூசுகிறது. கொரிந்து சபையில் திருவிருந்துக்கு வந்த இடத்திலேயே ஒருவன் பசியாகவும் இன்னொருவன் வெறியாகவும் இருந்ததைப் பவுல் கடிந்துகொள்கிறார். நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்களைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். "யாருக்கு வேதனை? யாருக்குத் துக்கம்? யாருக்குச் சண்டைகள்?" என்று தொடங்கி, காரணம் தெரியாத காயங்கள், சிவந்த கண்கள், கடலின் நடுவே படுத்திருப்பதுபோல் ஆடுகிற உலகம் என்று போய், கடைசியில் அந்த மனிதன் கண் விழித்ததும் திரும்பவும் அதையே தேடுகிறான். ஒரு குடும்பத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் அதை எழுதியிருக்க முடியும். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

திருச்சபை இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம், மது கடவுள் தந்தது, குடிவெறி பிசாசின் வேலை என்று பிரசங்கித்தார். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு நாளொன்றுக்குச் சின்ன அளவு ஒன்றை அனுமதித்தார். கூடவே, அதைக்கூட விட்டுவிடக் கடவுள் பலம் தந்தவர்களுக்குத் தனிப் பலன் உண்டு என்றும் எழுதினார். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் மனைவி வீட்டிலேயே பீர் காய்ச்சினார். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இன்றைக்கும் நற்கருணைக்குத் திராட்சை மதுவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்புறம் வடிசாராயம் மலிந்தது. இதை உங்கள் கணவர் யோசிக்க வேண்டும். வேதாகம காலத்தில் விஸ்கி கிடையாது. திராட்சை மதுவையும் பெரும்பாலும் தண்ணீர் கலந்தே குடித்தார்கள். இன்றைய ஒயினில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு ஆல்கஹால், விஸ்கியில் 40 பங்கு அல்லது அதற்கும் மேல். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1743இல் தம் சங்கத்தாருக்கு எழுதிய விதிகளில், மிக அவசரத் தேவை தவிர சாராய வகைகளை வாங்கவோ விற்கவோ குடிக்கவோ கூடாது என்றார். ஏழைக் குடும்பங்கள் ஜின்னில் அழிவதைப் பார்த்த காலத்து மனிதர் அவர். 1869இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் வழியைத் திருவிருந்துக்காகவே கண்டுபிடித்தார். மது வேண்டவே வேண்டாம் என்று பல சபைகள் தீர்மானித்தது அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான். உங்களை வளர்த்தவர்களும் அந்த வழியில் வந்தவர்களாக இருப்பார்கள். வசன விளக்கத்தில் அவர்கள் கொஞ்சம் மிஞ்சிப் போயிருக்கலாம், அனுபவத்தில் தவறவில்லை.

முழுதாக விலகி இருப்பதும் வேதத்தில் மதிப்பான வழிதான். நசரேய விரதம் பூண்டவர்கள், ரேகாபியர் என்ற குலத்தார், யோவான் ஸ்நானகன் எல்லாரும் அப்படி இருந்தவர்கள். குடிக்கிறவன் குடிக்காதவனை அற்பமாக எண்ணக் கூடாது, குடிக்காதவன் குடிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. ரோமர் 14ஐ நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதே அதிகாரம், சகோதரன் இடறுவான் என்றால் மதுவை விட்டுவிடுவதே நல்லது என்றும் சொல்கிறது. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரர் குடியை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. திருவிருந்து நாள் வந்தால் மட்டும் வரமாட்டார். ஏன் என்று ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியவில்லை. பாத்திரம் பக்கத்தில் வரும்போது அந்த வாசனை தாங்க முடியவில்லை என்று ஒருநாள் அழுதுகொண்டே சொன்னார். அடுத்த முறையிலிருந்து எல்லாருக்கும் வெறும் திராட்சைச் சாறுதான். மதுவே வேண்டும் என்று அதுவரை வாதாடியவர்கள்கூட அன்று வாய் திறக்கவில்லை.

இனி இரண்டாவது விஷயம். "நான் தள்ளாடினேனா?" என்று கேட்கிறாரே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தொடர்ந்து குடிக்கிற உடம்பு பழகிப்போகும். முன்பு இரண்டு கிளாஸில் வந்த மயக்கம் பிறகு நாலில்தான் வரும். தள்ளாடாமல் நிற்பதற்கு அளவாகக் குடிப்பது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, உடம்பு பழகிவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். வேதமும் தள்ளாட்டத்தை மட்டும் அளவுகோலாக வைக்கவில்லை. "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்கிறார் பவுல். அதனால் எத்தனை கிளாஸ் என்பதோடு, அது இல்லாமல் அவரால் ஒரு சாயங்காலத்தைக் கழிக்க முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் நாலு நாளானது, ஒயின் விஸ்கியானது, மேசையில் இருந்தது போர்வைக்கு அடியில் போனது. நீங்கள் எழுதிய இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்கள் கணவர் அளவு என்ற சொல்லைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் சண்டை வரும் என்று பயந்தும் ஒளித்திருக்கலாம், அதையும் மறுக்கவில்லை. எதுவானாலும், கானாவூரில் யாரும் சாடியை ஒளித்துவைக்கவில்லை.

இதுவரை நீங்கள் இருவரும் கானாவூரைப் பற்றிச் சண்டை போட்டீர்கள், புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வசனச் சண்டை இருவருக்கும் வசதியாக இருந்திருக்கிறது. அதை நிறுத்துங்கள். "குடிப்பது பாவம்" என்று இனி சொல்ல வேண்டாம். அவர் குடிக்காத ஒரு காலை வேளையில், மகன் வீட்டில் இல்லாதபோது உட்காருங்கள். "முன்பு சனிக்கிழமை மட்டும் இருந்தது, இப்போது நாலு நாள். அலமாரியில் இருந்ததைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது." இவ்வளவு போதும். இதற்கு எதிராக எடுத்துப் போட ஒரு வசனமும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "இன்றே விட்டுவிடு, ஜெபித்தால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். அவர் உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக, தினமும் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே கேடாகலாம். முதலில் டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறார் என்ற உண்மையைச் சொல்லட்டும். ஜெபம் கூடவே நடக்கட்டும். போதகரிடம் சொல்வதானால் கணவருக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள், அந்த அவமானம் அவரை இன்னும் ஒளிய வைக்கும். 1935இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசித் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. குடிப்பவரின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடித்துவிட்டு வண்டி எடுக்கிறாரா, கை ஓங்குகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் பொறுமை காக்க வேண்டாம். உங்களையும் மகனையும் பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள்.

மகனுக்கு உண்மையையே சொல்லுங்கள். "வேதம் மதுவைத் தடை செய்யவில்லை, அதில் அப்பா சொன்னது சரி. குடிவெறியையும் குடிக்கு அடிமையாவதையும் வேதம் கண்டிக்கிறது, அதில் எனக்கு இருக்கும் பயமும் சரி." 16 வயதுக்கு இது புரியும். இன்னொன்றும் அவனுக்குத் தெரியட்டும். குடிப்பழக்கம் பெற்றோரிடம் இருந்தால் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உடல்நலத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். அவன் தன் வழியைத் தானே யோசிக்கப் போகிறவன், அதற்கு வேண்டிய தகவலாகக் கொடுங்கள்.

அவர் குடிப்பது உங்களால் அல்ல தங்கை. நீங்கள் சரியான வசனத்தைச் சொல்லியிருந்தால் நின்றிருக்கும் என்பதும் இல்லை. அந்தப் புட்டியை எடுத்துக் கொட்டிவிடாதீர்கள், இன்னொன்று வேறு இடத்துக்குப் போகும். பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா