மொட்டைமாடியில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட்

கேள்வி: ஒன்றரை வயது ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறோம். ஆண், 34 கிலோ. பகலில் மாடித் தகரக் கொட்டகையில் கட்டியிருக்கும். இந்த வெயிலில் ஓயாமல் இரைக்கிறது. பத்து நாளாகச் சோற்றில் பாதியை மிச்சம் வைக்கிறது. அவிழ்த்துவிட்டால் பிள்ளைகளை விரட்டிக் குதிகாலைக் கவ்வுகிறது. முடியை ஒட்ட வெட்டிவிடலாமா? இல்லை, யாருக்காவது கொடுத்துவிடலாமா?
- வாசகி, ஒத்தக்கடை

பதில்: பத்து நாள் சாப்பிடாததை வெயில் மேல் போட்டுவிடாதீர்கள். நாளையே மருத்துவரிடம் காட்டி ரத்தம் பரிசோதியுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் இப்படித்தான் தொடங்கும். ஈறு வெளுத்திருக்கிறதா, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் உண்டா, மூக்கில் ரத்தம் கசிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கும். அதைவிட அதிகமாகக் கொட்டகையின் சுவர் வெடிப்பில் இருக்கும். அங்கேயும் மருந்தடிக்காவிட்டால் நாய்க்குக் கொடுக்கும் மாத்திரை மட்டும் போதாது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய்மேல் பூச வேண்டாம்.

முடியை வெட்டாதீர்கள். இந்த இனத்துக்கு முடி இரண்டு அடுக்கு. முரட்டு மேல்முடி வெயில் தோலில் படாமல் காக்கிறது. சூட்டை அடைத்துவைப்பது, உதிர்ந்தும் வெளியே வராமல் சிக்கிக் கிடக்கும் பஞ்சு போன்ற அடிமுடி. அகலப் பல் சீப்பால் வாரம் மூன்று நாள், முடி சாய்ந்த திசையிலேயே வாரி எடுங்கள். பின்தொடையையும் கழுத்தையும் விட்டுவிடாதீர்கள், சிக்கு அங்கேதான் அதிகம். குளியல் மாதம் ஒன்று போதும். அடிமுடி காயாமல் கிடந்தால் புண் வைக்கும்.

உண்மையில் மாற வேண்டியது இடம். தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை விட்டுக்கொண்டே இருக்கும். மேலே தகரம் வேறு. நாய் இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். சுற்றியுள்ள காற்றே அனலாக இருந்தால் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. கீழே கொண்டுவந்து சிமென்ட் தரையில், ஃபேன் காற்றில் விடுங்கள். ஈரச் சாக்கை விரித்து மேலே படுக்கவிடலாம். உடம்பின் மேல் போர்த்தினால் சூடு உள்ளேயே அடைபடும். நடைக்குக் காலை 6:30க்குள் போய்வந்துவிடுங்கள், மாலையென்றால் 7:30க்குப் பிறகு. தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் பொறுக்காது.

கெட்டி எச்சில் ஒழுகி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது. உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, ஃபேனைத் திருப்பிவைத்து, உடனே வண்டி பிடியுங்கள். சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தண்ணீர் ஊற்றி 103க்கு இறங்கியதும் நிறுத்துங்கள், அதற்குமேல் ஊற்றினால் உடம்பு குளிர்ந்து போகும்.

குதிகாலைக் கவ்வுவது கெட்ட குணம் இல்லை. ஜெர்மனியில் இது வேலிக்குப் பதிலாக இருந்த நாய். மந்தை பக்கத்து வெள்ளாமையில் இறங்காதபடி நாள் முழுக்க ஓரத்திலேயே நடந்து, மீறும் ஆட்டைக் கவ்வித் திருப்பும். ஓடும் பிள்ளையும் அதற்கு மந்தையை விட்டு விலகிய ஆடுதான். அடித்தால் பிள்ளைகளைப் பார்த்தாலே மிரளும் நாயாகிவிடும். விரட்டும்போது பிள்ளைகள் அலறி ஓடாமல் அசையாமல் நிற்கட்டும். நீங்கள் நாயைக் கூப்பிட்டு, வாயில் கவ்வ ஒரு கயிற்றுப் பொம்மையைக் கொடுங்கள். பழகும்வரை வீட்டுக்குள் நீளக் கயிறு கழுத்தில் தொங்கட்டும், பெரியவர் இல்லாமல் பிள்ளைகளோடு விட வேண்டாம். காலையும் இரவும் முக்கால் மணி நடையோடு, மூளைக்கும் வேலை கொடுங்கள்: அவித்த கோழித் துண்டுகளை வீட்டுக்குள் ஒளித்துவைத்து மோப்பம் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் தேடினாலே களைத்துப் படுக்கும்.

சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் கூடாது. நெஞ்சு ஆழமான நாய், இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, குமட்டியும் ஒன்றும் வெளியே வராவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இத்தனையும் செய்ய வீட்டில் ஆளில்லை என்றால் கொடுத்துவிடலாம், தவறில்லை. ஆனால் தோப்புக் காவலுக்கென்று கேட்பவரிடம், பகலில் எங்கே கட்டுவீர்கள், யார் நடத்திக் கூட்டிப்போவார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.