தசை குறையாமல் தம் (மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கும் திறன்) கூட்டுவது எப்படி?

கேள்வி: வயது 34. மூன்று வருடங்களாக வாரத்தில் நான்கு நாள் எடை தூக்குகிறேன். ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிற்பது) எல்லாவற்றிலும் தூக்கும் எடை நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கார்டியோ (ஓட்டம், சைக்கிள் போல இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை தரும் பயிற்சி) செய்தால் தசை கரைந்துவிடும் என்கிறார்களே, என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் எடைப் பயிற்சியையும் கார்டியோவையும் சேர்த்துச் செய்யவைத்துப் பார்த்தார். கடைசி வாரங்களில் வலிமை ஏறாமல் நின்று, இறங்கவும் ஆரம்பித்தது. பேச்சு கிளம்பியது அங்கிருந்துதான். ஆனால் அவர்கள் வாரத்தில் 5 நாள் எடை தூக்கி, 6 நாள் கடுமையாக ஓடி, சைக்கிள் மிதித்தவர்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையே இல்லை.

ஸ்குவாட்டில் இதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறதே, அது போதாதா என்று தோன்றலாம். போதாது. மூச்சை அடக்கி, தசையை இறுக்கிக் கனமான எடையைத் தூக்கும்போது இதயம் உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்கிறது; அதுவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை அனுப்பப் பழக, ரத்தம் தாராளமாகப் பல நிமிடங்கள் விடாமல் ஓட வேண்டும். இதனால் தூக்குவதற்கும் லாபம் உண்டு. செட்டுகளுக்கு (இடைவிடாமல் தூக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும்) நடுவே தசை தன் சக்தியை மீட்பது ஆக்சிஜனை வைத்துத்தான். தம் கூடினால் அடுத்த செட்டுக்குச் சீக்கிரம் தயாராவீர்கள்.

எடை தூக்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வேகத்தில்தான். உயிரைக் கொடுத்துச் செய்தால்தான் பயிற்சி என்று பழகியவர்களுக்கு மெதுவான கார்டியோ வீண்வேலையாகத் தெரியும். முதல் நாளே ஸ்பிரின்ட்டில் (முழு வேக ஓட்டத்தில்) இறங்கி, மறுநாள் கால் தூக்க முடியாமல் கைவிட்டுவிடுவார்கள். தயவுசெய்து மெதுவாகவே தொடங்குங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. எண்ணாகச் சொன்னால், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். உங்களுக்கு அதிகபட்சத் துடிப்பு சுமார் 184. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 110 முதல் 129 வரை.

வாரத்தில் மூன்று முறை, 20 நிமிடத்தில் ஆரம்பித்து மெல்ல 40 வரை கொண்டுபோங்கள். சைக்கிள் அல்லது சரிவு வைத்த டிரெட்மில் நடை நல்லது. ஓட்டம் ஒவ்வொரு அடியிலும் தொடைக்கு அதிர்ச்சி தருவதால் பழகும்வரை வலி அதிகம். ரோயிங் மெஷின் (துடுப்பு வலிப்பது போன்ற பயிற்சிக் கருவி) அருமையானது, ஆனால் டெட்லிஃப்டுக்கு முந்தைய நாள் வேண்டாம், முதுகு களைத்திருக்கும். ஒரே நாளில் இரண்டும் என்றால் எடை முதலில், அப்புறம் கார்டியோ. நடுவே ஆறு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு மாதம் போனதும் மூன்றில் ஒன்றைக் கடினமாக்கலாம்: 4 நிமிடம் அதிகபட்சத் துடிப்பின் 90 சதவீதத்தில், 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு சுற்று. அதே துடிப்பில் சைக்கிள் முன்பைவிட வேகமாகப் போகிறதா என்று பாருங்கள், முன்னேற்றம் அதில் தெரியும். உடல் எடை இறங்கினால் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ இருந்தால், இதையெல்லாம் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையாலும் இப்படி மூச்சு வாங்கும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன துடிப்புக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பேச்சை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளட்டும்.