அப்பாவின் கடற்படைச் சேவைக்கு இப்போது உதவி கிடைக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. இளவயதில் டர்பன் சாலிஸ்பரி தீவில் இருந்த எஸ்.ஏ.எஸ். ஜல்சேனாவில் சேர்ந்து சில வருடம் கடற்படையில் இருந்தார். அப்புறம் ஆலை வேலை. இப்போது சாஸ்ஸா (தென்னாப்பிரிக்க அரசின் சமூக உதவித்தொகை முகமை) தரும் முதியோர் உதவித்தொகைதான் வருமானம். முன்னாள் படைவீரர் பென்ஷன் வாங்கித் தர ஒருவர் 4,000 ராண்ட் கேட்கிறார். அப்பாவோ, “நாங்கள் பழைய நிறவெறி அரசாங்கத்துப் படை, எங்களுக்கு எதுவும் தரமாட்டார்கள்” என்கிறார். இறுதிச் சடங்கு பாலிசியை நிறுத்தி அந்தப் பணத்தைக் கட்டலாமா? பல்கலைக்கழகம் போகவிருக்கும் என் மகனுக்கும் ஏதாவது கிடைக்குமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில், அந்த 4,000 ராண்டைக் கொடுக்காதீர்கள் அம்மா. முன்னாள் படைவீரர் துறையில் பெயர் பதியக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு வரிசையில் முன்னே நிறுத்துவேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்பா நினைப்பது சரியில்லை. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த எண்ணத்தாலேயே நம் சமூகத்துப் பெரியவர்கள் பலர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டம், 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போராட்டத்தில் எந்தப் பக்கத்துப் படையில் இருந்தவரையும் முன்னாள் படைவீரர் என்றே ஏற்கிறது. விடுதலை இயக்கப் படையானாலும் சரி, அரசுப் படையானாலும் சரி. பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அவமதிப்பாகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் வாசல் தேசியப் படைவீரர் பதிவேடுதான். அதில் பெயர் ஏறாமல் ஒரு ராண்டும் நகராது. அப்பாவின் படை எண், விடுவிப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் தேடி எடுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரிட்டோரியாவில் உள்ள பாதுகாப்புத் துறை ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பழைய வீரர்களின் பணிக்கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த வருடம் சேர்ந்தார், எந்தப் பிரிவு, கூட இருந்தவர்கள் யார் என்பதெல்லாம் இன்று அப்பா வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர் போன பிறகு உங்கள் அம்மா அதை நிரூபிக்க அலைய வேண்டிவரும். அப்படி அலைகிற விதவைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை.

சட்டத்தில் பென்ஷன், ராணுவ மருத்துவம், வீடு, கல்வி, மனநல ஆலோசனை, ஈமச் சடங்கு உதவி எல்லாம் உண்டு. பலவற்றுக்கு வருமானச் சோதனை இருக்கிறது. ராணுவ மருத்துவமனைகள் பிரிட்டோரியா, கேப்டவுன், புளும்ஃபொன்டைனில்தான் இருக்கின்றன. அதனால் டர்பனில் எங்கே பார்ப்பார்கள் என்று பதியும்போதே கேட்டு வையுங்கள். பென்ஷன் வந்தால் சாஸ்ஸாவுக்குக் கட்டாயம் தெரிவியுங்கள். முதியோர் உதவித்தொகையும் வருமானத்தைப் பார்த்துத் தருவதுதான். மறைத்தால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

சாஸ்ஸாவிலேயே ‘போர் வீரர் உதவித்தொகை’ என்று ஒன்று இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். அது இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் போன்றவற்றில் பங்கெடுத்தவர்களுக்கு. முதியோர் தொகையைவிட 20 ராண்ட் கூடுதல். உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. வீட்டில் யாராவது முழுநேரமும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு வந்தால், முதியோர் தொகையோடு சேர்த்துக் கவனிப்பு உதவித்தொகை கேட்கலாம். இது தெரியாத குடும்பங்கள் ஏராளம்.

தொண்டு அமைப்புகளில் 1921-இல் தொடங்கிய, முன்னாள் படைவீரர் சங்கமான தென்னாப்பிரிக்க லீஜனை அணுகலாம். கஷ்டத்தில் இருக்கும் பழைய வீரர்களுக்கும் விதவைகளுக்கும் உதவுகிறார்கள். பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் படிவம் நிரப்பவும் சரியான ஆளிடம் அனுப்பவும் துணை நிற்பார்கள்.

மகன் விஷயத்தில் படைவீரர் கல்வி உதவியை நம்ப வேண்டாம். அது வீரருக்கும் அவரைச் சார்ந்த பிள்ளைகளுக்கும்தான். பேரனுக்குத் தானாக வராது. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்-க்கு விண்ணப்பம் திறந்தவுடனே போட்டுவிடுங்கள்.

இறுதிச் சடங்கு பாலிசியை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். அரசின் ஈமச் சடங்கு உதவி எழுத்து வேலையெல்லாம் முடிந்துதான் கைக்கு வரும். சடங்குச் செலவோ அன்றைக்கே வேண்டும். இந்த வயதில் நிறுத்தினால் புதுப் பாலிசிக்குக் கட்டணமும் கூடும், காத்திருப்புக் காலமும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.