மகள் கையில் இருக்கும் காதல் நாவல்

கேள்வி: என் மகளுக்கு வயது 15. அவள் படிக்கும் நாவலைப் புரட்டிப் பார்த்தேன். காதலிக்கும் இருவர் முதன்முறையாக நெருங்குவதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். வாங்கி வைத்துவிடட்டுமா, கண்டுகொள்ளாமல் விடட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பிடுங்கினால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வேறெங்காவது தேடிப் படிப்பாள், மற்ற பக்கங்கள் போய்விடும். அவற்றில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1975ல் எழுதிய 'ஃபாரெவர்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகள் அப்போது படித்த கதைகளில் காதலனோடு நெருங்கிய பெண்ணுக்கு ஏதாவது கேடு வந்தே தீரும், செத்துப்போவதுகூட உண்டு. யாரும் சாகாத ஒரு கதை வேண்டும் என்று மகள் கேட்டதால் பிறந்த நாவல் அது. அதன் நாயகி கேத்ரின் அவசரப்படுவதில்லை, தயாராக இல்லை என்று காதலன் மைக்கேலிடம் சொல்கிறாள், அப்புறம் தானே கிளினிக்குக்குப் போய்க் கருத்தடை மாத்திரை வாங்குகிறாள். கோடை விடுமுறையில் வேலைக்குப் போன இடத்தில் அவள் மனம் வேறொருவன் பக்கம் சாய, என்றென்றைக்கும் என்று நினைத்த காதல் முடிந்துபோகிறது. வலிக்கிறது, ஆனால் யாருக்கும் தண்டனை இல்லை. இந்த நாவலுக்காக ப்ளூமுக்கு 1996ல் இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது கிடைத்தது, 2024ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் இதை அரசுப் பள்ளிகளில் தடை செய்தது. ஆக, உங்கள் பதற்றம் உங்களுக்கு மட்டுமானதில்லை.

உங்கள் மகள் படிக்கும் நாவலை நீங்களும் முழுசாகப் படியுங்கள். படிக்கும்போது முத்தம் எத்தனை என்று பார்க்காதீர்கள். அவன் கேட்கிறானா, அவள் வேண்டாம் என்றால் நிறுத்துகிறானா, கர்ப்பம், நோய் பற்றியெல்லாம் அவர்கள் பேசிக்கொள்கிறார்களா, மறுநாள் காலையில் இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு வகைக் கதைகள்: விரலைக்கூடத் தொட மாட்டார்கள், ஆனால் மறுத்த பெண்ணை விடாமல் துரத்துவதும், அவள் போனை நோண்டுவதும், சந்தேகப்பட்டுக் கத்துவதும் ஆழமான காதல் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துத்தான் பிள்ளைகள் தப்பாகக் கற்றுக்கொள்கிறார்கள், அதை எந்தப் பெற்றோரும் பிடுங்குவதில்லை.

படித்து முடித்ததும் மகளிடம், "நானும் படிச்சேன், அந்தப் பொண்ணு செஞ்சது உனக்குச் சரின்னு படுதா?" என்று கேளுங்கள். கதையில் வரும் பெண்ணைப் பற்றி என்றால் தாராளமாகப் பேசுவாள், தன்னைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வாள். ஒன்று மட்டும் கவனம்: வயதில் மிகப் பெரிய ஆணோடு சிறுமிக்கு வரும் உறவைக் காதலாகக் காட்டும் கதை என்றால் உடனே பேசிவிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: இளையோருக்காக நாவல் எழுதுகிறேன். நெருக்கத்தை எந்த அளவுக்கு எழுதலாம்?

பதில்: சின்ன வயதுப் பாத்திரங்களின் உடம்பை வர்ணிக்க வேண்டிய அவசியமே இல்லை. கூச்சம், என்ன சொல்வதென்று தெரியாத தடுமாற்றம், ஒருவர் ஆசைப்பட்டு மற்றவர் தயங்கும் அந்த நேரம், இதையெல்லாம் துளிகூட மழுப்பாமல் எழுதுங்கள். கருத்தடை பற்றிய பேச்சு வந்தால் டாக்டர் பிரசங்கம் செய்வதுபோல் எழுதாமல் அவர்கள் இருவரும் திக்கித்திணறிப் பேசுவதாகவே எழுதுங்கள்.