ஹன்லி நீர்மூழ்கிக் கப்பல் என்னவாயிற்று?

போரில் எதிரிக் கப்பலை முதன்முதலில் மூழ்கடித்த நீர்மூழ்கி எது, அது பிறகு என்னவாயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். அது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களின் தரப்பில் 1863-இல் அலபாமாவின் மொபீல் நகரில் கட்டப்பட்ட ‘எச். எல். ஹன்லி’. சுமார் 12 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புக் கூட்டுக்குள் ஏழு பேர் நெருக்கியடித்து அமர்ந்து சுழல்தண்டைக் கையால் சுற்ற, எட்டாமவர் முன்னால் இருந்து செலுத்துவார். தாக்குதலுக்கு முன்பே அது இருமுறை மூழ்கி, அதற்குப் பணம் போட்ட ஹோரஸ் ஹன்லி உட்பட 13 பேரைப் பலிகொண்டது. அப்படியிருந்தும் மூன்றாவது குழு ஒன்று அதில் ஏறியதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

1864 பிப்ரவரி 17 இரவு, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே, நீண்ட கம்பின் முனையில் பொருத்திய வெடிமருந்துக் குடுவையால் வட மாநிலங்களின் ‘ஹவுசடானிக்’ போர்க்கப்பலைத் தகர்த்த ஹன்லி, கரை திரும்பவேயில்லை. 1995-இல் கண்டறியப்பட்டு, 2000 ஆகஸ்ட் 8 அன்று மேலே தூக்கப்பட்டபோது, எட்டுப் பேரின் எலும்புகளும் அவரவர் பணியிடத்தை ஒட்டியே கிடந்தன. தப்பிக்க முண்டியடித்ததற்கான அடையாளமே இல்லை. ஆகவே, வெடிப்பின் அதிர்வலையே அவர்களைக் கொன்றிருக்கும் என்ற கருத்து எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கப்பலைச் செலுத்திய ஜார்ஜ் டிக்சனின் எலும்புகளோடு, அதே உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டையில் குண்டு பட்டு வளைந்த தங்க நாணயம் ஒன்றும் கிடைத்தது. எண்மரும் 2004-இல் சார்ல்ஸ்டனில் நல்லடக்கம் செய்யப்பட்டனர்.